தொட்டில் தேடும் இல்லங்களுக்கு

சென்ற தை மாதம் கட்கியில் வாழும் நம்மவர் இல்லம் ஒன்றில் வளைகாப்பு நடைபெற்றது. புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தாய்மார்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, சூலுற்ற பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி வாழ்த்தினர். அண்டை வீட்டு மராட்டியத் தாய் ஒருவரும் வந்து, தம் வழக்கப்படி அரிசியும் தேங்காயும் கொண்டு அப்பெண்ணின் மடியை நிரப்பினார். சமையற்கட்டு வாயிலில் கரண்டியோடு நின்ற ஒரு பெண்மணி, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு வளையல்களை எடுத்தவாறு தம் முறைக்கு முன்வந்தார். அப்போது முதிய அம்மையார் ஒருவர் தாழ்ந்த குரலில், "நீ இரு, கண்ணு. பிள்ளை பெற்றவர்கள் போடட்டும்" என்றார். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தம் பாட்டி சொல்லக் கேட்டதைத் தாமும் சொன்னார். வளையல்களைத் தட்டிலேயே வைத்துவிட்டு அப்பெண்மணி சமையற்கட்டுக்குத் திரும்பினார்.

அவர் நம் இல்லாள்.

வீடு திரும்பும் வழியில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. நாம் வாய் திறவாமைக்கு வேறொரு காரணம் இருந்தது. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒளிக்காமல் சொல்வோம். அதற்கு முன், மகப்பேறு என்பது உடலில் எவ்வாறு நிகழ்கிறது, அது தடைப்படும்போது மருத்துவம் எவ்வாறு துணை செய்கிறது என்பவற்றை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிந்துகொள்ளுதல் நலம். நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரெயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர். எனினும் ஏழாண்டுத் தேவை நம்மைப் படிக்க வைத்தது. படித்ததையும் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும் எளிய முறையில் எழுதுகிறோம்.

உடலினுள் ஒரு கன்ட்ரோல் அலுவலகம்

நம் உடலில் நாளமில்லாச் சுரப்பிகள் சில உண்டு. அவை சுரக்கும் நீர் குழாய் வழியாகச் செல்லாமல் நேரே குருதியில் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளுக்கு ஆணை கொண்டு செல்கிறது. இவற்றுக்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியல் அறிஞர் வழங்கினார். 'தூண்டி இயக்குவது' என்பது அச்சொல் பிறந்த கிரேக்க மூலத்தின் பொருள்.

ரெயில்வேயில் பணிபுரியும் நமக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அதுவே கன்ட்ரோல் அலுவலகம். அதன் கீழே பட்டாணிக் கடலை அளவில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி, ஸ்டேஷன் மாஸ்டர். ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு ஹார்மோன் துடிப்பு வருகிறது. அதனைப் பெற்ற பிட்யூட்டரி, எஃப்.எஸ்.எச். என்றும் எல்.எச். என்றும் சுருக்கப் பெயர் பெற்ற இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. மேலிருந்து வரும் அந்தத் துடிப்பின் இரசாயன அமைப்பைக் கண்டறிந்த ஷாலி, கில்லமின் ஆகிய இருவரும் 1977இல் நோபெல் பரிசு பெற்றோருள் அடங்குவர்.

பெண்ணின் உடலில் எஃப்.எஸ்.எச். சினைப்பையைச் சென்றடைந்து, அங்கு உறங்கும் கருமுட்டைகளுள் சிலவற்றை எழுப்புகிறது. அவற்றுள் ஒன்று முந்தி வளர்கிறது. வளரும் முட்டையைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. அதே ஈஸ்ட்ரோஜன் மூளைக்கும் செய்தி அனுப்புகிறது. வண்டி ஒரு நிலையத்தைக் கடந்ததும் அடுத்த நிலையம் முந்திய நிலையத்துக்குத் தகவல் தருவதில்லையா? அதைப் போன்றதே இதுவும். முட்டை முதிர்ந்துவிட்டது என்ற செய்தி உறுதியானதும் எல்.எச். வெள்ளமெனப் பெருகுகிறது. பெருகத் தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படுகிறது. வெளிப்பட்ட முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிர்த்திருப்பதில்லை. அதற்குள் கருக்குழாயில் விந்தணுவைச் சந்தித்தால் கரு உண்டாகும். முட்டை வெளியேறிய இடம் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து, கரு தங்குவதற்குக் கருப்பையைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்கவில்லையெனில் இச்சுரப்பு வற்றி மாதவிலக்கு வருகிறது.

ஆணின் உடலிலும் இதே கன்ட்ரோல் அலுவலகமும் இதே ஸ்டேஷன் மாஸ்டரும் இதே இரண்டு ஹார்மோன்களுமே பணிபுரிகின்றன என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எல்.எச். விரைகளில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. பாதை இரட்டைப் பாதை. எந்தப் பாதையில் தடை நேர்ந்தாலும் வண்டி ஊர் போய்ச் சேராது. அவ்வாறிருக்க, விபத்து நேர்ந்த போதெல்லாம் ஒரே பாதையின் மீது பழி எழுதுவது என்ன நியாயம்?

துறவியர் மடத்திலிருந்து வந்த மருந்து

இந்த ஹார்மோன்கள் குறைவுபட்டால் வெளியிலிருந்து கொடுக்க இயலுமா என்று அறிஞர் ஆராய்ந்தனர். மாதவிலக்கு நின்றுவிட்ட மூதாட்டியர் உடலில் ஒரு வேடிக்கை நிகழ்கிறது. சினைப்பை ஓய்வு பெற்றுவிடுகிறது. ஆயினும் பிட்யூட்டரி ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகையால் அவர்களுடைய சிறுநீரில் எஃப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் நிறைந்து வெளியேறுகின்றன. இத்தாலியில் பியரோ டோனினி என்ற இரசாயன அறிஞர் அவற்றைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார். மருந்தாக்குவதற்கு ஏராளமான சிறுநீர் வேண்டியிருந்தது. முதிய கன்னியாஸ்திரீகள் கூடி வாழும் மடங்களிலிருந்து அது திரட்டப்பட்டது. புரூனோ லுனென்ஃபெல்ட் என்ற மருத்துவர் அம்மருந்தைக் கொண்டு இஸ்ரேலில் சிகிச்சை செய்ய, 1960களின் தொடக்கத்தில் அதன் பயனாகக் குழந்தை பிறந்தது. மகப்பேற்றைத் துறந்த மாதர் எங்கோ ஒரு பெண்ணின் மடி நிறையத் துணைபுரிந்தனர்! இன்று எஃப்.எஸ்.எச். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்களின் வாயிலாகவும் தயாரிக்கப்படுகிறது.

ஆனால் மருந்தால் மட்டும் தீராத தடை ஒன்று உண்டு. முட்டையும் விந்தணுவும் நன்றாக இருந்தும், அவை சந்திக்க வேண்டிய கருக்குழாய் அடைபட்டிருந்தால் என் செய்வது? நம் நாட்டில் இவ்வடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற அறிஞரும் பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற மருத்துவரும் இதற்கு வழி கண்டனர். முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைத் தாயின் கருப்பையில் மீண்டும் வைத்தனர். 1978ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் உலகின் முதற் குழந்தை அம்முறையில் பிறந்தது. எட்வர்ட்ஸ் 2010இல் நோபெல் பரிசு பெற்றார். 'சோதனைக்குழாய்க் குழந்தை' என்று மக்கள் பெயரிட்டுவிட்டனர். உண்மையில் குழந்தை குழாயில் வளர்வதில்லை. முதற் சில நாட்கள் மட்டுமே வெளியே. எஞ்சிய மாதங்கள் அனைத்தும் கருப்பையில்தான்.

கல்கத்தாவில் பிறந்த துர்கா

அந்த இங்கிலாந்துக் குழந்தை பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. அக்டோபர் 3ஆம் நாள் நம் நாட்டுக் கல்கத்தாவில் மற்றொரு பெண் மகவு இம்முறையில் பிறந்தது. நவராத்திரிக் காலத்தில் பிறந்தமையால் துர்கா என்று அழைக்கப்பட்டது. அதன் பின்னின்றவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். ஹசாரிபாகில் 1931இல் பிறந்த இவர், கல்கத்தாவிலும் எடின்பரோவிலுமாக இரண்டு ஆராய்ச்சிப் பட்டங்கள் பெற்றவர். எடின்பரோவில் அவர் கற்றது ஹார்மோன் இயலே. உறைநிலைத் தொழில்நுட்பம் அறிந்த சுனித் முகர்ஜியும், மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாசார்யாவும் அவருக்குத் துணையாக இருந்தனர்.

இங்கிலாந்தின் முறையினும் இவர் முறை வேறுபட்டது. அங்கு இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். இவரோ சிறுநீரிலிருந்து பிரித்த அந்த ஹார்மோன் மருந்தைக் கொடுத்து, ஒரே சுற்றில் பல முட்டைகளை முதிரச் செய்தார். அவ்வாறு செய்யும்போது உடலில் ஹார்மோன் அளவு இயல்புக்கு மேல் உயர்வதால், கருப்பை அச்சுற்றில் கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது என்று கருதினார். ஆகவே உருவான கருக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, 53 நாட்கள் காத்திருந்து, உடல் இயல்பு நிலைக்கு வந்தபின் வேறொரு சுற்றில் கருப்பையில் வைத்தார். உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக வேற்று நாட்டார் அறிவித்தது 1984இல்தான், ஆஸ்திரேலியாவில். ஹார்மோன் கொடுத்துப் பல முட்டைகள் பெறுதலும், கருவை உறையவைத்துப் பின்னர் வைத்தலும் இன்று உலகெங்கும் அன்றாட முறைகள் ஆகிவிட்டன.

அத்தகைய அறிஞரை நாம் எவ்வாறு நடத்தினோம்? 1978 நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இத்துறையில் அனுபவமற்ற அக்குழு அவர் கூற்றை நம்பத்தகாதது என்று தள்ளிவிட்டது. ஜப்பானில் தம் ஆய்வை விளக்க அழைப்பு வந்தும் செல்ல அனுமதி கிட்டவில்லை. இறுதியில், ஹார்மோன் ஆய்வோடு தொடர்பே இல்லாத கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு அவரை மாற்றினர். 1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், ஐம்பதாம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தபன் சின்ஹாவின் 'ஏக் டாக்டர் கீ மௌத்' என்ற ஹிந்தித் திரைப்படம் இவர் வாழ்வைத் தழுவி எழுந்ததே.

இச்சோகத்தில் நம் உள்ளத்தைத் தைத்த செய்தி ஒன்றுண்டு. அவர் கையிலிருந்த மிகப் பெரிய சான்று அக்குழந்தையே. ஆனால் பெற்றோரின் குடும்பம் பழைமைப் பற்று மிக்கது. தங்கள் பெயர் வெளியே தெரிவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்களை நாம் குறை கூற மாட்டோம்; இன்றும் நம்முள் எத்தனை பேர் துணிந்து வெளியே சொல்லுவோம்? துர்கா வளர்ந்து பெரியவளான பின், தாமே முன்வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். அதற்குள் அந்த மருத்துவர் மறைந்து பல்லாண்டுகள் கடந்துவிட்டன. ஊரார் என்ன சொல்வாரோ என்ற நாணத்திற்கு இவ்வளவு பெரிய விலையும் உண்டு.

முதன்மையைத் துறந்தவர்

அதன்பின் 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் பம்பாய்ப் பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை இம்முறையில் பிறந்தது. மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த அறிஞர் டி.சி. ஆனந்த குமாரும் அப்பணியை நடத்தினர். ஒவ்வொரு படியும் முறைப்படி பதியப்பெற்று அறிவியல் ஏட்டில் வெளிவந்தமையால், அதுவே இந்தியாவின் முதற் குழந்தை எனப் புகழ் பெற்றது. 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னாட்டின் முதற் குழந்தையைப் பிறப்பித்தார். நடிகர் ஜெமினி கணேசனின் மகளாரே இவர்.

1997இல் ஆனந்த குமார் கல்கத்தா சென்றபோது, மறைந்த முகோபாத்யாயின் குறிப்பேடுகள் அவர் கைக்கு வந்தன. படித்தார், உடன் பணிபுரிந்தோரிடம் கேட்டார், உண்மை என்று தெளிந்தார். பதினொரு ஆண்டுகளாக 'முதல்வர்' என்ற பெருமை அவருடைய குழுவுக்கே உரியதாயிருந்தது. அவர் வாய் மூடி இருந்திருந்தால் கேட்பார் யார்? அவரோ 'கரன்ட் சயன்ஸ்' என்ற அறிவியல் ஏட்டில், இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் சுபாஷ் முகோபாத்யாயே என்று தம் கையால் எழுதினார். பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதனை ஏற்றது. தமக்கு இழப்பு வரும் என்று அறிந்தும் உண்மையைச் சொல்லுதல் எத்துணைப் பெரிய ஆண்மை! இச்செய்தியைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை.

நம் புனே நகரில்

இத்துறையில் நாம் குடியேறி வாழும் புனேயும் ஒரு சிறப்பிடம் பெற்றுள்ளது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 18, 19ஆம் நாட்களில் இங்குள்ள காலக்ஸி கேர் மருத்துவமனையில், டாக்டர் சைலேஷ் புண்தாம்பேகர் தலைமையிலான குழு இரண்டு பெண்களுக்குக் கருப்பை மாற்று அறுவை செய்தது. இந்தியாவில் அத்தகைய அறுவை நிகழ்ந்தது அதுவே முதன்முறை. உலகில் மாற்றுக் கருப்பையில் முதற் குழந்தை பிறந்தது 2014இல், ஸ்வீடன் நாட்டில்.

புனேயில் அறுவை பெற்ற இருவருள் ஒருவர் குஜராத்திலிருந்து வந்தவர். கருவுற்றும் குழந்தையைக் கையில் ஏந்தும் பேறு பெறாதவர். அவருக்குக் கருப்பையைத் தானமாக அளித்தவர் அவரைப் பெற்ற தாயே. முன்கூட்டியே வெளியில் உருவாக்கி உறையவைத்த கரு, பின்னர் அக்கருப்பையில் வைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் ஒரு பெண் குழந்தை, குறைமாதத்தில், 1,450 கிராம் எடையோடு பிறந்தது. எந்தக் கருப்பையில் தாய் பத்து மாதம் கிடந்தாளோ, அதே கருப்பையிலிருந்து மகளும் வெளிவந்தாள்!

இதிலும் ஹார்மோனின் பெருமை விளங்குகிறது. மாற்றி வைத்த கருப்பைக்குப் பழைய நரம்புத் தொடர்பு இல்லை. குருதிக் குழாய்கள் மட்டுமே இணைக்கப்படுகின்றன. எனினும் மகளின் சினைப்பை சுரக்கும் ஹார்மோன் குருதி வழியே வந்து சேர்ந்ததும், தாயின் கருப்பை அதற்குக் கீழ்ப்படிந்து மாதந்தோறும் பக்குவமடைகிறது. இத்தகைய அறுவை மிக அரியது, ஆபத்தும் உடையது, எல்லோர்க்கும் வேண்டுவதன்று. மருத்துவம் எட்டிய எல்லையைக் காட்டவே இதனைக் குறித்தோம்.

நம் குற்றம்

இனி, முன்னர் சொல்லாது விட்டதைச் சொல்லுவோம்.

நமக்குத் திருமணமாகி ஏழாண்டுகள் ஆகின்றன. முதலாண்டு கழிந்ததும் ஊரிலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. விடுமுறைக்குச் சென்றபோதெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றினோம். திருக்கருகாவூர் நெய்யை நம் இல்லாள் 48 நாள் உண்டார். வழிபாட்டை நாம் குறைவாகச் சொல்லவில்லை. அது அவருக்கு ஆறுதல் தந்தது. அத்துடன் மருத்துவரிடமும் சென்றார், தனியாக. குருதிச் சோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பை அறியச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே எல்லாம் நடந்தன. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று வலியால் துவண்டு, ஆட்டோவில் தனியே வீடு வந்து சேர்ந்தார். குறை ஒன்றும் தென்படவில்லை.

ஒவ்வொரு முறையும் மருத்துவர், "உங்கள் கணவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள்; ஒரே ஒரு சோதனைதான்" என்று சொல்லியனுப்பினார். நாம் போகவில்லை. தணிக்கை என்றோம், விடுப்பு இல்லை என்றோம். "எனக்கென்ன குறை?" என்றும் ஒருநாள் சினந்து கேட்டோம். இவ்வாறு மூன்று ஆண்டுகள் ஓடின. ஆணுக்குரிய அச்சோதனையில் கத்தியில்லை, ஊசியில்லை, வலியில்லை. அரைநாள் விடுப்பும் சிறிது துணிவுமே தேவை.

இறுதியில் சென்றோம். விந்தணுக்களின் எண்ணிக்கை மிகமிகக் குறைவு என்று தாளில் அச்சிட்டிருந்தது. மறுமுறை சோதித்தபோதும் அவ்வாறே இருந்தது. அன்றிரவு அத்தாளை இல்லாளிடம் நீட்டினோம். அவர் படித்துவிட்டு மடித்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தார். "இது யாருக்கும் தெரிய வேண்டாம். என்னையே சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது" என்றார்.

நாம் அதற்கு உடன்பட்டோம். அதுதான் நம் குற்றம். இரண்டாண்டுகளாக நம் பழியை அவர் சுமந்தார். வளைகாப்பு வீட்டில் அவர் வளையலை வைத்துவிட்டுத் திரும்பியபோது, கூடத்தில் ஆடவரோடு அமர்ந்து அதனைக் கண்ணாரக் கண்டோம். "அம்மா, குறை அவளிடம் இல்லை, என்னிடம்" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அறிஞர் ஆனந்த குமார் பதினொரு ஆண்டுப் பெருமையை ஒரு கட்டுரையில் துறந்தார். நாம் துறக்க வேண்டியது வெறும் வீண் பெருமையே. இக்கட்டுரையால் அதனைத் துறக்கிறோம். இல்லாளின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

நமக்குள்ள குறைக்கும் வழி உண்டு. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் முட்டையினுள் நேரே செலுத்தும் இக்ஸி என்னும் முறையைப் பெல்ஜிய நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டனர். நம் இல்லாள் பன்னிரண்டு நாட்கள் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டார். முட்டைகள் முதிர்ந்ததும், எல்.எச். போல் இயங்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியை இரவில் குறித்த மணிக்கு, வண்டிக் கால அட்டவணை தவறாதது போல் போட்டனர். அதிலிருந்து 36 மணிக்குள் முட்டைகளை எடுத்தனர். கரு வைத்தபின் இரு வாரங்கள் புரோஜெஸ்டிரோன் கொடுத்துக் காத்திருந்தோம். முதற் சுற்று பலிக்கவில்லை. இப்போது இரண்டாவது சுற்றுக்குக் காத்திருக்கிறோம். இல்லாளுக்கு வயது 34. நாம் வீணாக்கிய அந்த மூன்று ஆண்டுகளை எந்த ஹார்மோனும் திருப்பித் தராது.

நேயர்களுக்குச் சில சொற்கள்

காலம் என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்று கேட்கலாம். பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தையும், பத்து முதல் இருபது இலட்சம் வரை, கொண்டே பிறக்கிறது. பின்னர் அவை குறைந்துகொண்டே வரும். முப்பத்தைந்து வயதுக்குப் பின் எண்ணிக்கையோடு தரமும் விரைந்து குறைகிறது. சிகிச்சையின் வெற்றியும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே. ஆகவே ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு உண்டாகவில்லையெனில் மருத்துவரை நாட வேண்டும். மனைவிக்கு வயது 35 கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே செல்ல வேண்டும்.

கணவனும் மனைவியும் ஒருசேரச் செல்லுதல் வேண்டும். மகப்பேறின்மையில் ஏறத்தாழ பாதி இல்லங்களில் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவர் கணக்கு. உலகில் வயது வந்தோரில் ஆறில் ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையைச் சந்திக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. நம் சங்கத்து விழாவில் ஒரு பந்தியில் அமர்வோரை எண்ணிப் பாருங்கள். நீங்கள் தனியர் அல்லர்.

எல்லோருக்கும் பெருஞ்சிகிச்சை தேவைப்படாது. தைராய்டுச் சுரப்புக் குறைவோ, புரோலாக்டின் மிகுதியோ காரணமாயின் மாத்திரையே போதும். முட்டை முதிராமை காரணமெனில் அதனைத் தூண்டும் எளிய மருந்துகள் உண்டு. படிப்படியாகவே மேலே செல்ல வேண்டும். எடுத்தவுடனே பெருஞ்செலவுக்கு அழைப்பவரையும், 'நூற்றுக்கு நூறு வெற்றி' என்று விளம்பரம் செய்வோரையும் ஐயுறுக. ஒரு சுற்றில் பலன் பெறாதவரே பலன் பெற்றவரினும் அதிகம். ஹார்மோன் ஊசியால் சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி ஆபத்து நேர்வதும் உண்டு. வயிறு உப்பி மூச்சுத் திணறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நகையை அடகு வைக்கும் முன், மொத்தச் செலவையும் வெற்றி வாய்ப்பையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இச்சிகிச்சை அளிக்கும் நிலையங்கள் அனைத்தும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்பது வயது வரம்பு. முட்டைத் தானம் ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறையே செய்யலாம். ஏழுக்கு மேல் முட்டைகள் எடுத்தலாகாது. வறுமையுற்ற நம் பெண்டிரை 'பணம் தருகிறோம்' என்று எவரேனும் அழைத்தால், அது குற்றம் என்று அறிக. ஆணோ பெண்ணோ என்று தேர்ந்து தருவதாகச் சொல்வதும் குற்றமே. இம்முறையில் பிறந்த குழந்தைக்கு மற்றெந்தக் குழந்தைக்கும் உள்ள உரிமைகள் அனைத்தும் உண்டு.

எல்லா முயற்சிக்குப் பின்னரும் தொட்டில் ஆடாத இல்லங்கள் இருக்கும். தத்தெடுத்து வளர்ப்போர் உண்டு. இருவராகவே இனிது வாழ்வோரும் உண்டு. அவர்களும் நிறைந்த குடும்பத்தினரே. அவர்களிடம் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பதை நாம் விட்டொழிக்க வேண்டும்.

சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வளைகாப்பில், சமையற்கட்டு வாயிலில் நிற்கும் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து, முதல் வளையலை அவர் கையால் போடச் செய்யுங்கள். ஆடவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அரைநாள் விடுப்பு எடுங்கள். சோதனைத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், அதனைப் புடவைகளுக்கு அடியில் வைக்க விடாதீர்கள்.